நூற்றுநாலாவது அடி

சசிதரன் ஒரு துப்பறிவாளர் என்று சொன்னால் சின்னமனூரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேருக்கு விஷயமே தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, பாஜிலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தலைக்குப் பத்தாத ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் போன கோலத்தைப் பார்த்திருந்தால் அவர்களும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"சார், மெதுவா அமுக்குங்க. ஹெல்மெட்டு என்னோடது" என்றாள் பாஜிலா.

"தலை என்னோடதும்மா."

"தலை போனா வேற ஆபீஸ் பாத்துக்குவேன். இந்தக் கலர்ல வேற ஹெல்மெட்டு கிடைக்காது."

பாஜிலாவுக்குச் சொந்த ஊர் பெரியகுளம். கம்ப்யூட்டர் படித்தவள். நான்கு வருஷமாக சசிதரனிடம் உதவியாளர். மாப்பிள்ளை விசாரணை, காணாமல் போன ஆட்டுக்கிடா, மொட்டைக் கடுதாசி என்று வந்த வழக்குகளையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தவளுக்கு, இன்றைக்கு வந்த வழக்கைக் கேட்டதும் வாயெல்லாம் பல். காரணம், இது கம்ப்யூட்டர் விளையாட்டு சம்பந்தப்பட்ட வழக்கு.

உத்தமபாளையத்தில் இப்ராஹிம் பாய் ஒரு கேமிங் சென்டர் நடத்துகிறார். அங்கே ஒரு போட்டி வைத்திருந்தார். கோட்டை கட்டி, படை திரட்டி, எதிரியிடமிருந்து ஊரைக் காப்பாற்றுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அதற்குள் நாமே மலையும் ஆறும் வைத்து, ஒரு கதையும் வைத்து, புதிதாக ஒரு களத்தை உருவாக்கிக் கொடுக்கலாம். விளையாடுகிற பையன்கள் அதை 'மேப்' என்பார்கள். சிறந்த மேப் யாருடையதோ அவர் பெயரை மாலை நான்கு மணிக்குள் கோயம்புத்தூர் கேம் கம்பெனி ஒன்றுக்கு பாய் அனுப்ப வேண்டும். யார் பெயர் போகிறதோ அவருக்கு அங்கே வேலை நிச்சயம்.

சிக்கல் என்னவென்றால், எல்லோரும் சொக்கிப்போன மேப் ஒன்றுதான், அதற்குச் சொந்தம் கொண்டாடும் ஆள் இரண்டு. 'கடைமடை' என்று அதற்குப் பெயர். வியாழக்கிழமை அதை அனுப்பியவன் சுரேஷ்கண்ணன். தேவதானப்பட்டிக்காரன், தேனியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அதையே அனுப்பியவள் மகிமா. மார்க்கையன்கோட்டையில் டியூஷன் எடுக்கிற பெண். போன மாதம் அவள் தன் லேப்டாப்பைக் கீபோர்டு மாற்றக் கொடுத்தது சுரேஷ்கண்ணன் கடையில்தான். அப்போது அவன் சுட்டுவிட்டான் என்கிறாள் அவள். கடைக்கு வந்த சமயத்தில் தன் கம்ப்யூட்டரிலிருந்து அவள் சுட்டுவிட்டாள் என்கிறான் அவன்.

"ஃபைல்ல தேதி இருக்குமே சார்" என்றாள் பாஜிலா.

"ரிப்பேர்க்காரனுக்குத் தேதியை மாத்தத் தெரியாதா? டியூஷன் டீச்சருக்குந்தான் தெரியாதா?"

"எனக்கே தெரியும்."

"அதான் உன் லீவு லெட்டரையெல்லாம் நான் நம்புறதில்லை."

மகிமாவின் வீட்டு வாசலிலேயே அவள் அப்பா அம்மாவாசி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லவும் மறந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், அந்தப் போட்டிக்குன்னு வச்ச வாட்ஸப்புக் குரூப்புல முந்நூறு பேரு இருக்காகளாம். அம்புட்டுப் பேரும் எம்புள்ளையத் திருடிங்கிறாக. மூணு நாளாச்சு, அது டியூஷனுக்கும் போகலை, சோறும் திங்கலை. காலையில பால் வாங்கப் போறேன், அந்தப் பால்காரப் பய கேக்குறான், 'என்னா மாமா, மகளைக் கம்பெனி எடுத்துருச்சா, போலீசு எடுத்துருச்சா'ன்னு. பாலை வாங்காமயே வந்துட்டேன் சார்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாஜிலாதான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே மகிமா அழுது வீங்கிய முகத்தோடு லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். 'கடைமடை' திரையில் விரிந்தது. மேலே காடும் மலையும். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அணை. இந்தப் பக்கம் வாய்க்கால் ஓடி, கடைசியில் பச்சைப் பசேல் என்று ஒரு கிராமம். கொள்ளைக்காரர்கள் வாய்க்காலின் மதகுகளை உடைத்துத் தண்ணீரை வீணாக்குவார்கள்; கடைமடைக் கிராமத்துக்காரர்கள் அறுவடை வரைக்கும் பயிரைக் காப்பாற்ற வேண்டும். திரையின் வலது மூலையில் மூன்று வரிகள் மின்னின. தண்ணீர் 131 அடி. பயிர் 40 ஏக்கர். அறுவடைக்கு 90 நாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மதகு உடைந்தது. 131, 130 ஆயிற்று.

"அடேங்கப்பா! விளையாடுறப்பவே எண்ணு மாறுதே" என்றார் சசிதரன்.

"அந்த எண்ணு ஓடுற கவுண்டருக்குத்தான் சார் எல்லாரும் மயங்கிட்டாக" என்றாள் பாஜிலா. "எப்படிம்மா வச்சே?"

மூன்று நாளைக்குப் பிறகு மகிமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மொதல்ல வெறும் எழுத்தாத்தான் போட்டேன் அக்கா. அது ஒருதரம் வந்துட்டு மறைஞ்சிரும். அப்புறம் ஒரு எண்ணை உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சேன். மதகு ஒண்ணு உடைஞ்சா அதுல ஒண்ணு கொறையணும், மழை பெஞ்சா ரெண்டு கூடணும். ஒவ்வொரு செகண்டும் அந்த எண்ணை எடுத்து அதே மூலையில திரும்ப எழுதச் சொன்னேன். பழசை அழிக்கச் சொல்ல மறந்துட்டேன் பாத்துக்கங்க, எண்ணு மேல எண்ணு விழுந்து எதையும் படிக்க முடியாம அப்பிக்கிச்சு. அதைச் சரி பண்ணவே ஒரு வாரம் போச்சு."

"தள்ளு, நான் ஆடிப் பாக்குறேன்."

பாஜிலா ஆடினாள். ஆடினாள் என்பதைவிட, கொள்ளைக்காரர்களை வரவேற்றுப் பந்தி வைத்தாள் என்று சொல்லலாம். 120, 115, 110 என்று தண்ணீர் கடகடவென்று இறங்கியது. 104 வந்ததும் வாய்க்கால் வற்றி மணல் தெரிந்தது, பயிர் மஞ்சளாயிற்று, 'கிராமம் தோற்றது' என்று எழுத்து விழுந்து ஆட்டம் முடிந்தது.

"ஏம்மா, தண்ணிதான் இன்னும் நூத்திநாலு அடி இருக்கே. அதுக்குள்ள எதுக்கு முடிஞ்சிருச்சு?"

மகிமா அவளை விழித்துப் பார்த்தாள். "பின்ன?"

"பின்னன்னா?"

"வேற எங்கன முடியும் அக்கா?"

பாஜிலா மேஜைக்கு அடியில் சசிதரனின் காலை மிதித்தாள். இப்ராஹிம் பாயிடமிருந்து வாங்கி வந்திருந்த சுரேஷ்கண்ணனின் மேப்பையும் திறந்து அதே மாதிரி மோசமாக ஆடினாள். எல்லாம் அச்சு அசல். அதே மலை, அதே அணை, அதே மூன்று வரிகள். 104 வந்ததும் அதே மாதிரி வாய்க்கால் வற்றியது, பயிர் மஞ்சளாயிற்று. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. 103, 102 என்று இறங்கிக்கொண்டே போய், பூஜ்யத்தில்தான் கிராமம் தோற்றது.

"ரெண்டு மேப்புக்கும் இது ஒண்ணுதான் வித்தியாசமா?" என்றார் சசிதரன்.

"இது ஒண்ணேதான் சார்."

அவர் எழுந்து அம்மாவாசியிடம் காதோடு ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஸ்கூட்டர் பக்கத்தில் வந்ததும் பாஜிலா வெடித்தாள்.

"சார், நம்ம கட்சிக்காரிதான் சார் திருடி! தண்ணி கவுண்டர்னா பூஜ்யத்துலதான முடியணும்? காப்பி அடிக்கிறப்போ எங்கேயோ தப்பா ஒரு எண்ணு விழுந்திருக்கு. அது ஏன்னு கேட்டா இவளுக்குச் சொல்லத் தெரியலை. 'பின்ன'ங்கிறா! சொந்தமாச் செஞ்சவளா இருந்தா காரணம் சொல்ல மாட்டாளா?"

"காரணம் சொல்றவன்தான் செஞ்சவனா? சரி, அவன்கிட்டயும் கேட்டுருவோம்."

சசிதரன் போனை ஸ்பீக்கரில் போட்டார். சுரேஷ்கண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான். இரண்டு மேப்பும் ஏன் வேறு வேறு இடத்தில் முடிகிறது என்று சசிதரன் கேட்டதும் அவன் குரலில் தேன் வடிந்தது.

"வணக்கம் சார். நீங்களே பாத்துட்டீங்களா? அதான் சார் நான் பாய்க்கு எழுதிக் குடுத்த புகார்லயும் சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு மேப்பு பாதியிலயே நின்னு போகுது. எம் மேப்பு பூஜ்யம் வரைக்கும் ஓடும். ஒண்ணு, ஆடுறவங்களுக்குக் கடைசி வரைக்கும் நம்பிக்கை இருக்கும். ரெண்டு, ஆட்டம் நீளமா வரும். மூணு, கவுண்டர்னா பூஜ்யந்தானே சார் முறை?"

"நல்லா சொன்னீங்க தம்பி. மூணரைக்கு பாய் கடைக்கு வாங்க. எல்லார் முன்னாலயும் உங்க மேப்பையே ஆடிப் பாத்துருவோம்."

"ரொம்ப சந்தோஷம் சார்!"

பாஜிலா போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஃபீசு குடுக்கிறது மகிமா. மேளம் அடிக்கிறது சுரேஷுக்கா?"

"வண்டியை எடு."

சின்னமனூர் வந்து உத்தமபாளையம் ரோட்டைப் பிடித்து ஐந்து நிமிஷம் போயிருப்பார்கள். வலது பக்கம் வயலில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். சசிதரன் முதுகில் தட்டி நிறுத்தச் சொன்னார். ஹெல்மெட்டோடேயே வரப்பில் இறங்கி, தள்ளாடித் தள்ளாடி நடந்து, கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய் நின்றார். என்ன கேட்டாரோ தெரியாது. அந்த அம்மாள் முதலில் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வயல் பெண்களையும் கூப்பிட்டு அவரைக் காட்டிச் சொன்னார். மொத்த வயலும் குலுங்கியது.

முழங்கால் வரை சேற்றோடு அவர் திரும்பி வந்தார். முகத்தில் லட்டு தின்ற சந்தோஷம்.

"என்ன சார் கேட்டீங்க?"

"ராக்கம்மாள்னு பேராம். நல்ல அம்மா. என்னைய எந்த ஊர்க் கோமாளின்னு கேட்டாக."

"அது எனக்கே தெரியும். நீங்க என்ன கேட்டீங்க?"

"பாஜிலா, பெரியகுளத்துல உங்க வீட்டுக் குழாய்க்கு எந்த அணைத் தண்ணி வருது?"

"சோத்துப்பாறை. ஏன் சார்?"

"சும்மாதான். வண்டியை எடு."

இந்த 'சும்மாதான்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே பாஜிலாவுக்கு உச்சி மயிர் எரியும். மனுஷன் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அவளுக்குத் தெரியாத ஒன்றை, அதுவும் கம்ப்யூட்டர் வழக்கில், சேற்றுக்குள் கால் வைத்தே கண்டுபிடித்துவிட்டார்!

இப்ராஹிம் பாயின் கடையில் அன்றைக்கு எள் போட இடமில்லை. கம்பம், கூடலூர், கோம்பை என்று எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து சுவரோரமெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வாட்ஸப்பில் கூவியவர்கள் அத்தனை பேரும் நேரில் வந்திருந்தார்கள் என்றே சொல்லலாம். பாய் வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். போட்டி நடத்துகிறாரே தவிர, அவருக்கு விளையாடத் தெரியாது. அவர் மனைவி அம்சத் பீவிக்கு இந்த விளையாட்டு என்றாலே ஆகாது. இருந்தாலும் வந்தவர்களுக்கு நன்னாரி சர்பத் கலந்து, தட்டோடு வந்து நின்றார்.

சுரேஷ்கண்ணன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்தான். வாசலுக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், சசிதரன் காதோடு சொல்லியிருந்தபடி அம்மாவாசியும் மகிமாவும் வந்து நின்றார்கள். அவர் மகளின் கையைப் பிடித்திருந்தார். யாரும் அவர்களை உள்ளே வரச் சொல்லவில்லை.

"பாய், பெரிய திரையில சுரேஷ் தம்பியோட மேப்பைப் போடுங்க" என்றார் சசிதரன். "ஆடப்போறது எங்க பாஜிலா. தோக்குறதுக்குன்னே ஆள் கூட்டியாந்திருக்கேன்."

"இதுக்கெல்லாம் தனியா ஃபீசு வாங்குவேன் சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே பாஜிலா உட்கார்ந்தாள்.

தண்ணீர் 131 அடி. ஆட்டம் தொடங்கியது. கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். முதல் மதகு போயிற்று. கூட்டம் ஆவென்று பார்த்தது. 125. பையன்கள் "அக்கா, வில்லுக்காரனை இறக்குங்க" என்று கத்தினார்கள். 118. "அக்காவுக்கு ஆடத் தெரியலைப்பா." 112. அம்சத் பீவி கூடத் தட்டை மறந்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "அந்த மூலையில ஓடுறது என்னா, அணைத் தண்ணியா? அல்லாவே, இப்படி இறங்குது!" 108. 106. 105.

104.

வாய்க்காலில் மணல் தெரிந்தது. பயிர் மஞ்சளாயிற்று.

அம்சத் பீவி ஒரு பெருமூச்சு விட்டார். "போச்சு. முடிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். கூட்டமும் "ப்ச்" கொட்டிக்கொண்டு எழுந்தது. கூடலூர்ப் பையன் ஒருவன் செருப்பைத் தேடி வாசலுக்கே போய்விட்டான்.

"என்னங்க, ஏன் எல்லாரும் எந்திரிக்கிறீங்க?" சுரேஷ்கண்ணன் பதறினான். "உக்காருங்க! ஆட்டம் முடியலை! இன்னும் நூத்திநாலு அடி தண்ணி கிடக்கே!"

எழுந்தவர்கள் எழுந்த வாக்கிலேயே அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் மட்டும் 103, 102 என்று யாருக்கும் வேண்டாத எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

அம்சத் பீவிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏந்தம்பி, நூத்திநாலுக்குக் கீழ கிடக்குற தண்ணியை நீங்க எப்படிக் கொண்டாருவீங்க? வாளி போட்டு இறைச்சா?"

குபீரென்று சிரிப்பு. சுரேஷ்கண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், பாஜிலாவுக்கும் விளங்கவில்லை. ஆனால் அவள் எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

சசிதரன் சாவகாசமாக சர்பத்தை உறிஞ்சினார். "தம்பி, உங்களுக்குத் தேவதானப்பட்டி. உங்க ஊர்த் தண்ணி வேற. இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணி வர்றது பெரியாறு அணையிலருந்து. அது மலைக்கு அந்தப் பக்கம் கிடக்கு. மலையைக் குடைஞ்சு குகை போட்டு, அது வழியாத்தான் இந்தப் பக்கம் மலையடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப்புக்குத் தண்ணி இறங்குது. அந்தக் குகையோட வாய் நூத்திநாலாவது அடி உசரத்துல இருக்காம். அதுக்குக் கீழ எம்புட்டுக் கிடந்தாலும் இங்கன ஒரு சொட்டு வராது. நானும் வெளியூர்லருந்து வந்து சின்னமனூர்ல ஆபீஸ் போட்டவன்தான், எனக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால வயல்ல போய், 'நூத்திநாலு அடி இருந்தா எத்தனை நாளைக்கு வரும்'னு கேட்டேன். மொத்த வயலும் என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு."

"இப்ப புரியுதா பாஜிலா? மகிமா ஏன் 'பின்ன'ன்னு கேட்டுச்சுன்னு" என்று அவர் சேர்த்துக்கொண்டார். "இவங்களுக்கு அணை காலின்னா நூத்திநாலு. அதுக்குக் காரணம் கேட்டா என்னத்தைச் சொல்லும் அந்தப் புள்ள?"

"அது... அதெல்லாம் எனக்கும் தெரியும் சார்" என்றான் சுரேஷ்கண்ணன்.

"தெரிஞ்சா சரி. உங்க மேப்புல தண்ணி நூத்திநாலு அடி நிக்கிறப்போ வாய்க்கால் ஏன் காயுது? பயிர் ஏன் வாடுது?"

சுரேஷ்கண்ணன் திரையைப் பார்த்தான். மஞ்சள் வயலைப் பார்த்தான். "அது சஸ்பென்ஸுக்கு" என்றான்.

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"தம்பி, நீங்க நல்ல ரிப்பேர்க்காரர்" என்றார் சசிதரன். "அதுலதான் மாட்டுனீங்க. இந்த மேப்பை எடுத்து ஆடிப் பாத்தப்போ, தண்ணி இருக்கும்போதே ஆட்டம் முடியுதே, இது கோளாறுன்னு உங்க கை அரிச்சிருச்சு. முடியுற இடத்தை மட்டும் பூஜ்யத்துக்கு மாத்திட்டீங்க. வாய்க்கால் காயுறது தனியா இருக்கு, அதைத் தொடலை. எடுத்ததோட சும்மா இருந்திருந்தா என் அப்பன் வந்தாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ரிப்பேர் பண்ணிட்டீங்க!"

சுரேஷ்கண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். புதுச் சட்டையின் காலரைப் பிய்த்துவிடுவான் போல இழுத்தான். "பதினோரு வருஷமா அடுத்தவன் மிஷினைத்தான் சார் திறந்து மூடிக்கிட்டிருக்கேன். ஒண்ணாவது எம்பேர்ல இருக்கட்டுமேன்னு நினைச்சுட்டேன்" என்றான் மெதுவாக.

இப்ராஹிம் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்குப் போய், செருப்புக் குவியலைத் தாண்டி, மகிமாவின் முன்னால் நின்றார். "உள்ள வா ஆத்தா. அவசரப்பட்டு நம்பிட்டேன். மணி மூணு அம்பத்திரெண்டு. கோயம்புத்தூருக்கு அனுப்பணும், உம்பேரை நீயே அடி."

கூட்டம் விலகி வழி விட்டது. மூன்று நாளாகத் திருடி என்று எழுதியவர்கள் எல்லாம் திடீரென்று தரையை அக்கறையாகப் பார்த்தார்கள். மகிமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயரை அடித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. பாய் தானே பொத்தானை அமுக்கி அனுப்பினார். அதே கையோடு வாட்ஸப்புக் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டு, எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டார்.

மகிமா எழுந்து சுரேஷ்கண்ணனிடம் போனாள். அறையப் போகிறாள் என்றுதான் பாஜிலா நினைத்தாள், கொஞ்சம் ஆசையும் பட்டாள்.

"அண்ணே, கேட்டிருந்தா கவுண்டர் எப்படி வைக்கிறதுன்னு நானே சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றாள் மகிமா.

அவன் தலை நிமிரவே இல்லை. அறைந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு பாஜிலாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்களாவது என்னைய நம்புனீங்கல்ல?"

பாஜிலா கையை விடுவித்துக்கொண்டு கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். சசிதரன் சர்பத் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்புனாளாவா? உங்க வீட்டு வாசல் தாண்டுனதுமே இவதாம்மா சொன்னா. என்ன சொன்னேன்னு நீயே சொல்லேன் பாஜிலா."

"சார், ஹெல்மெட்டை நீங்களே வச்சுக்கங்க" என்றாள் பாஜிலா அவசரமாக. "உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு."

வாசலில் அம்மாவாசி மட்டும் இன்னும் உள்ளே வரவில்லை. போனைக் காதில் வைத்து, மறுமுனையில் ஆள் எடுப்பதற்காகக் காத்திருந்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. உத்தமபாளையம் கடைவீதி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்தினார்.

"ஏலே பால்காரா! காலையில கேட்டியே, இப்பச் சொல்றேன் கேட்டுக்க. கம்பெனி எடுத்துருச்சுலே!"